தாராளமாய்ப் போட்ட சிக்கனக் கணக்கு

வீடு மாறி வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. பாதிச் சாமான் இன்னும் அட்டைப் பெட்டிக்குள்ளேயே இருந்தது. தட்டு கிடைத்தால் கரண்டி கிடைக்காது, கரண்டி கிடைத்தால் அடுப்பு பற்றவைக்கிற லைட்டர் கிடைக்காது. என் வீட்டுக்காரர் ஒவ்வொரு பெட்டியின் மேலும் உள்ளே என்ன இருக்கிறது என்று கொட்டை எழுத்தில் எழுதித்தான் ஒட்டினார். ஏற்றி இறக்கிய ஆட்கள் எழுத்து இருக்கிற பக்கத்தையெல்லாம் சுவரைப் பார்க்க வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. என் வீட்டுக்காரருக்கு வேலை என்னவோ லிஃப்ட் மெக்கானிக். முதல் நாள் மூச்சு வாங்கிக்கொண்டு படியேறும்போது எதிரே வந்த கீழ்வீட்டு அக்கா, "சாருக்கு என்ன வேலை?" என்று விசாரித்தார். சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டார், சிரிப்பை மட்டும் பொத்த முடியவில்லை. நானும் சேர்ந்து சிரித்தேன். லிஃப்ட் இல்லாததால்தானே வாடகை குறைவு.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். நான் வேலை பார்க்கிற ஆல்டரேஷன் கடையில், பேன்ட்டை இடுப்பில் தளர்த்தச் சொல்லிவிட்டு இரண்டே நாளில் திரும்பவும் இறுக்கச் சொல்லி வருகிறவர்களிடம் என்னைப் பேசவிட மாட்டார் முதலாளி. ஆனால் கோபம் வருகிற அதே வேகத்தில் நன்றியும் எனக்கு வந்துவிடும். இதற்கு முன் இந்த வீட்டில் இருந்தவர்கள் யாரோ எவரோ, அடுப்பு மேடையைத் துடைத்துப் பளபளவென்று வைத்துவிட்டு, ஒரு நல்ல துடைப்பத்தையும் மூலையில் சாத்திவிட்டுப் போயிருந்தார்கள். அந்தத் துடைப்பத்தைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. முகம் தெரியாதவர்கள் இப்படிச் செய்வார்களா? கீழ்வீட்டு அக்காவின் மகன் என் தையல் மெஷினைத் தனி ஆளாகத் தோளில் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறினான். தண்ணீர்கூடக் குடிக்காமல் இறங்கிப் போய்விட்டான். அவன் நன்றாக இருக்க வேண்டும் என்று அன்று முழுவதும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

நாங்கள் வீடு மாறியதற்குக் காரணம் ஒன்றுதான். என் வீட்டுக்காரர் ராத்திரி வேலையை விட வேண்டும்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவருக்கு ராத்திரி டியூட்டிதான். எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நடுவழியில் நின்றாலும் அவருக்குப் போன் வரும். உள்ளே மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுத்து, மெஷினைச் சரி பண்ணி, அடுத்த இடத்துக்கு ஓட வேண்டும். அந்த வேலைக்கு ராத்திரிப்படி என்று ஒன்று தனியாக வரும். அந்தப் படியில்தான் எங்கள் பழைய வீட்டு வாடகை ஓடிக்கொண்டிருந்தது. போன மாதம் ஒரு நாள், லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் உட்கார்ந்து எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே கண்ணசந்துவிட்டார். கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்த சத்தத்தில்தான் விழித்திருக்கிறார். விழித்துப் பார்த்தால் ஒரு கால் பெட்டி விளிம்புக்கு வெளியே தொங்குகிறது. கீழே ஒன்பது மாடிக்கு வெறும் இருட்டு.

இதை என்னிடம் மட்டும் சொன்னார். சொல்லிவிட்டு, "அப்பாகிட்டச் சொல்லாத" என்றார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவருடைய சூப்பர்வைசர் எங்கள் வயிற்றில் பாலை வார்த்தார். பகல் சர்வீஸ் குழுவில் ஒருவர் ஓய்வு பெறுகிறார், அந்த இடத்துக்கு நீ வருகிறாயா என்று தானாகவே கேட்டார். பகலில் ராத்திரிப்படி கிடையாது, சம்பளத்தில் நல்ல குறைவு. யோசித்துத் திங்கட்கிழமை சொல், இல்லையென்றால் அடுத்த ஆளைக் கேட்டுவிடுவேன் என்றும் சொல்லிவிட்டார். இந்த நேரத்துக்கென்றே இந்த வீடு கிடைத்தது. வாடகை குறைந்ததில் எனக்குக் கால் தரையில் படவில்லை. என் வீட்டுக்காரர் மட்டும் வழக்கம்போலத் தரையிலேயே நின்றார்.

"வாடகை ஒண்ணு குறைஞ்சா போதுமா? ஒரு வருஷத்துக்கு மொத்தமாக் கணக்குப் போட்டுப் பாப்போம். தாங்குச்சுன்னா எடுத்துக்கறேன். தாங்கலன்னா ராத்திரியே இருந்துட்டுப் போகுது" என்றார்.

"மாசக் கணக்குப் போட்டா பத்தாதா?"

"மாசக் கணக்கு ஏமாத்திடும். ஸ்கூல் ஃபீஸ் மாசா மாசமா வருது?"

அவர் சொன்னதும் சரிதான். ஆளுக்கொரு இலாகா பிரித்துக்கொண்டோம். வாடகை, மின்சாரம், பஸ், வீட்டு ரிப்பேர் எல்லாம் அவர். சமையலும் மருந்தும் மாமா. மாமா என்றால் என் மாமனார். ஒரு கல்லூரி விடுதியில் தலைமைச் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டு அடுப்படியில் இன்றைக்கும் அவர் ராஜ்ஜியம்தான், நான் குடிமக்களில் ஒருத்தி. துணிமணி, பள்ளிக்கூடம், சில்லறைச் செலவு என் இலாகா. அவரவர் தனித்தனியாக யோசித்து, ஒரு வருஷத்துக்கு எவ்வளவு என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு.

ஞாயிறு காலை, பிரிக்காத பெட்டி ஒன்றை நடுவில் இழுத்துப் போட்டு மேஜையாக்கினோம். துணி வெட்டுவதற்கு அளவு வரைகிற பழுப்புத் தாளை அதன்மேல் விரித்தேன். எங்கள் வாலு, ஒன்றாம் வகுப்பு படிக்கிற மகள், தாளின் ஓரத்தைத் தனக்கென்று பிடித்துக்கொண்டு அங்கே ஒரு பூனை வரைந்தாள்.

"இது என்னடி?"

"பூனை. இதையும் கணக்குல சேத்துக்கோ. பால் குடிக்கும்."

முதலில் அவர் தன் தொகையைச் சொன்னார். மாமா சொன்னார். நான் சொன்னேன். கடைசியில், எதிர்பாராத செலவு என்று ஒரு வரி போட வேண்டாமா என்று நான் கேட்டேன். கட்டாயம் போட வேண்டும் என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அப்பாவும் பிள்ளையும் ஒத்துப்போன அபூர்வமான தருணம் அது. அதையும் போட்டுக் கூட்டினேன்.

கூட்டி முடித்தேன். பகல் சம்பளத்தையும் என் சம்பளத்தையும் சேர்த்துவைத்துப் பார்த்தால் துண்டு விழுந்தது. சின்னத் துண்டாக இருந்தால் பரவாயில்லை, விழுந்தது போர்வை. திரும்பக் கூட்டினேன். அதே போர்வை.

"சரி, குறைப்போம்" என்றேன்.

"பேப்பரை நிறுத்திடலாம்மா" என்றார் மாமா. "சாமான் சுத்தின பழைய பேப்பரே எக்கச்சக்கமா இருக்கு. ஒவ்வொண்ணாப் பிரிச்சுப் படிச்சாலே வருஷம் ஓடிடும்."

"டிவிக்குக் கட்டற பணத்தை நிறுத்திடலாம்" என்றார் இவர்.

"எனக்கு இந்த வருஷம் புதுச் செருப்பு வேண்டாம்" என்றேன் நான்.

வாலு எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்தாள். தானும் ஏதாவது விட்டுக்கொடுக்க வேண்டும் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. "சரி, அப்பக் குட்டிப் பூனை" என்றாள்.

ஒவ்வொன்றாக அடித்தோம். விருந்தாளிக்குச் செலவு, அடித்தோம். ஜன்னல் திரை, அடித்தோம். பழைய வீட்டுத் திரையையே வெட்டித் தைத்துவிடலாம் என்று சொல்லிவிட்டேன். இப்படி வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பார்த்தும் போர்வை சுருங்கியதே தவிர மறையவில்லை. வருஷக் கடைசியில் நாலு மாதம் வாடகை கொடுக்கப் பணம் இல்லை என்பதுதான் கணக்கு சொன்ன சேதி.

என் வீட்டுக்காரர் பேனாவை மூடி என் பக்கம் உருட்டினார்.

"விடு. நான் ராத்திரியே பாத்துக்கறேன். பழகிப்போன வேலைதானே."

பழகிப்போன வேலை! அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு வந்த கோபத்தில் தாளைக் கிழித்திருப்பேன். குழந்தை வரைந்த பூனைக்காக விட்டேன். இத்தனை பாடுபட்டு வீடு மாறி, முதுகு ஒடிய மூட்டை கட்டி, குழந்தையைப் பள்ளிக்கூடம் மாற்றி, கடைசியில் இவர் இன்று ராத்திரியும் பையை மாட்டிக்கொண்டு அந்தக் கூரைமேல் போய் உட்காரப்போகிறார். நான் எழுந்து அடுப்படிக்குப் போனேன். எனக்குக் கோபம் வந்தால் பாத்திரம் கழுவுவேன். கழுவியதையே மறுபடியும் கழுவுவேன்.

மாமா எனக்கு முன்னாலேயே அங்கே வந்து உலை வைத்திருந்தார். அவருக்கும் மனசு சரியில்லை. அவருக்கு மனசு சரியில்லாவிட்டால் சமைப்பார். ஒரே அடுப்படியில் இரண்டு பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றோம். அவர் மூடியைத் திறந்து கிளறினார். திரும்பிப் பார்த்தேன். பானையில் சோறு வாய் வரைக்கும் வந்து நின்றது.

எனக்குள் இருந்த கோபம் வழி கிடைத்த சந்தோஷத்தில் அவர்மேல் பாய்ந்தது.

"மாமா, இது எத்தனை பேருக்கு?"

"நமக்குத்தாம்மா."

"நாம நாலு பேரு. அதுல ஒருத்தி பாதியத் தட்டுலயே வச்சுட்டு எழுந்திரிக்கற ஆளு."

"நாலு பேருக்குத்தாம்மா. கூட ரெண்டு ஆளுக்கு."

"யாரு அந்த ரெண்டு ஆளு?"

மாமா என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "அது யாருன்னு தெரிஞ்சா எண்ணிக்கையிலயே சேத்துடுவேனே. தெரியாத ஆளுக்குத்தான் கூடப் போடறது."

விடுதியில் அவர் வேலை பார்த்த காலம் முழுக்க அப்படித்தானாம். கணக்கில் இல்லாமல் யாராவது ஒரு பையன் நண்பனைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்பான். யாரோ ஒரு அப்பா ஊரிலிருந்து மகனைப் பார்க்க வருவார். சோறு இல்லை என்று ஒரு நாளும் யாரையும் திருப்பி அனுப்பியதில்லை என்பதில் மாமாவுக்கு அப்படி ஒரு பெருமை. எங்களுக்கும் தெரிந்த கதைதான். மிஞ்சியதை மறுநாள் காலையில் சாப்பிட்டுப் பழகியவர்கள் நாங்கள். ஆனால் அன்றுதான் எனக்குச் சுருக்கென்று ஒன்று உறைத்தது.

"மாமா, சமையல் செலவுன்னு காலையில ஒரு தொகை சொன்னீங்களே, அது நாலு பேருக்கா, ஆறு பேருக்கா?"

"ஆறுக்குத்தான். அதுக்கு மேல விலைவாசி ஏறுமேன்னு கொஞ்சம் கூட்டி வச்சேன்." கரண்டியைப் பானைமேல் வைத்தார். "மருந்துக்கும் ஒரு மடங்கு கூடப் போட்டிருக்கேன். தப்பாம்மா?"

தப்பு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பாதியிலேயே மூடிக்கொண்டேன். நான் என்ன செய்திருந்தேன் என்பது ஞாபகம் வந்துவிட்டது.

நாங்கள் துணி வெட்டும்போது அளவுக்குச் சரியாக வெட்ட மாட்டோம். தையலுக்கென்று உள்ளே கொஞ்சம் விடுவோம். வளர்கிற குழந்தைக்கு என்றால் இன்னும் கொஞ்சம் விட்டு மடித்துத் தைப்போம். அந்தக் கைப்பழக்கம் எனக்குக் கணக்கிலும் வந்திருந்தது. வாலுவுக்குச் சீருடை எழுதும்போது, திடீரென்று வளர்ந்துவிட்டால் என்ன செய்வது என்று அடுத்த அளவிலும் ஒரு ஜோடி எழுதினேன். ஷூவும் அப்படியே. இந்த வருஷத்துக் குழந்தைக்கும் அடுத்த வருஷத்துக் குழந்தைக்கும் சேர்த்து எழுதியிருந்தேன். வீட்டில் இருப்பது ஒரு வாலுதான்.

ஈரக் கையோடு வெளியே ஓடினேன். இவர் பெட்டிமேல் முழங்கையை ஊன்றிப் பூனையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏங்க, நீங்க சொன்ன தொகையில எவ்வளவு கூட்டிச் சொன்னீங்க?"

"கூட்டியா? நான் எதையும் கூட்டிச் சொல்லலயே."

"மின்சாரம் எப்படிப் போட்டீங்க?"

"போன வருஷம் ரொம்ப அதிகமா வந்த மாசம் ஒண்ணு இருந்துச்சுல்ல? அதையே பன்னெண்டு மாசத்துக்கும் போட்டேன்."

"பஸ்?"

"எனக்கு ரெண்டு பாஸ். ஒண்ணு தொலைஞ்சா?"

"இதுவரைக்கும் ஒரு தடவையாவது பாஸ் தொலைச்சிருக்கீங்களா?"

"இல்ல. அதனாலதான் பயமா இருக்கு."

இவரை நான் என்ன செய்ய? லிஃப்ட் பெட்டியில் பத்துப் பேர் ஏறலாம் என்று எழுதியிருந்தால் அதைத் தூக்குகிற கம்பிக் கயிறு நூறு பேரைத் தாங்க வேண்டும் என்பது இவர்கள் தொழிலில் சட்டம். அந்தச் சட்டத்தை மனுஷன் மின்சாரத்துக்கும் பஸ்ஸுக்கும் குழாய் ரிப்பேருக்கும் போட்டிருக்கிறார். வாடகை ஒன்றுதான் தப்பித்தது. அதில் கூட்டுவதற்கு வீட்டுச் சொந்தக்காரர் இடம் வைக்கவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். எதிர்பாராத செலவை நாங்கள் மூன்று பேரும் தனித்தனியாக எதிர்பார்த்து, அப்புறம் சேர்ந்தும் ஒரு தடவை எதிர்பார்த்திருந்தோம். அடுத்தவர் வெறும் அளவைத்தான் சொல்வார் என்று ஆளாளுக்கு நம்பியிருக்கிறோம். உலகத்திலேயே இவ்வளவு தாராளமாகச் சிக்கனக் கணக்குப் போட்ட குடும்பம் வேறு எங்கேயும் இருக்காது.

தாளின் மறுபக்கத்தைத் திருப்பினேன். மாமாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். அவரவர் கூட்டியதை அவரவரே வாயால் சொல்ல வேண்டும், நான் கழிப்பேன் என்றேன். அப்படிச் சொல்லச் சொல்ல என் சிரிப்பு மெல்ல அடங்கிப்போனது.

மாமா மருந்துக்குக் கூட்டியது அவருக்காக இல்லை. "நீ மெஷின்லயே குனிஞ்சு உக்காந்து ராத்திரி இடுப்பைப் பிடிச்சுக்கற. ஒரு நல்ல டாக்டரைப் பாக்கணும்மா" என்றார். என் இடுப்பு வலியை யாரும் கவனித்ததாக எனக்குத் தெரியாது. இவர் பஸ் செலவுக்குள் டாக்ஸிக்கென்று ஒரு தொகையை ஒளித்து வைத்திருந்தார். எதற்கு என்று கேட்டேன். "கடையில வேலை முடிய லேட்டாச்சுன்னா நீ பஸ்ஸுக்கு நிக்க வேண்டாம்னுதான்" என்று என்னைப் பார்க்காமல் சொன்னார். என் சில்லறைச் செலவில் மாமாவுக்குப் புதுக் கண்ணாடி இருந்தது. அவர் கேட்கவில்லை. பேப்பரை மூக்கில் ஒட்டிக்கொண்டு படிக்கிறாரே என்று நானாகப் போட்டது.

கடையில் எத்தனையோ பேருக்கு அளவு எடுக்கிறேன். எனக்கு யாரும் இப்படி அளவு எடுத்ததில்லை. இந்த இரண்டு ஆண்களும் வாயைத் திறந்து ஒரு நல்ல வார்த்தை பேசத் தெரியாதவர்கள் என்று நான் எத்தனை பேரிடம் குறைபட்டிருக்கிறேன். அன்று அந்த அட்டைப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, எனக்குக் கிடைத்த மனுஷர்களை நினைத்து மனசு நிறைந்துபோனது. அதை அப்படியே வெளியே சொன்னால் இரண்டு பேரும் எழுந்து ஓடிவிடுவார்கள். அதனால் தலையைக் குனிந்துகொண்டு கழித்தேன்.

கழித்து முடித்துக் கூட்டினேன். போர்வை போயே போய்விட்டது. கண்ணாடிக்கும் டாக்டருக்கும் இடம் வைத்தும், பகல் சம்பளத்திலேயே வருஷம் ஓடியது. கடைசியில் கொஞ்சம் மிச்சமும் இருந்தது. பெரிதாக ஒன்றும் இல்லை, ஒரு மாத வாடகையில் பாதி இருக்கும்.

"தாங்குது!" என்று கத்தினேன். வாலுவும் என்னவென்று தெரியாமலே கூடச் சேர்ந்து கத்தினாள்.

இவர் தாளைத் தன் பக்கம் இழுத்து மேலிருந்து கீழே பார்த்தார். மறுபடியும் கீழிருந்து மேலே பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"இது ரொம்ப இழுபறியா இருக்கு. நடுவுல ஏதாவது ஒண்ணு வந்தா? அந்த மிச்சம் எந்த மூலைக்கு? இப்படி ஒரு கயித்தை நான் எந்தக் கட்டடத்துலயும் மாட்ட மாட்டேன்."

"கயிறு இல்லைங்க இது. குடும்பம்."

"குடும்பத்துக்கு இன்னும் ஜாக்கிரதையா இருக்க வேண்டாமா? இன்னும் ஒரு வருஷம் ராத்திரியே பாக்கறேன். கொஞ்சம் சேத்து வச்சுட்டு அப்புறம் மாறலாம்."

"அப்புறம் இந்த இடம் இருக்குமா?"

"வேற இடம் வரும்."

அவ்வளவுதான். போன மாதத்திலிருந்து நான் பல்லைக் கடித்து அடக்கி வைத்திருந்தது மொத்தமும் வெளியே வந்துவிட்டது.

"ஜாக்கிரதையா? ஒன்பது மாடி உயரத்துல, லிஃப்ட்டு கூரைமேல உக்காந்து தூங்கினீங்களே, அது என்ன ஜாக்கிரதை? ஒரு கால் அந்தரத்துல தொங்குச்சே, அதுக்கு எந்தக் கயித்தைக் கட்டி வச்சிருந்தீங்க?"

மாமாவிடம் சொல்லக் கூடாது என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. வாலு பூனையின் வாலுக்கு வண்ணம் தீட்டுவதை நிறுத்திவிட்டு அப்பாவின் காலைப் பார்த்தாள்.

மாமா கேட்டார், "எப்ப?"

"போன மாசம்பா. ஒண்ணும் ஆகல. இவ பெரிசுபடுத்தறா."

மாமா எழுந்து அடுப்படிக்குப் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். வந்து மகனுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"டேய், எனக்கு எவ்வளவு பேருக்கு வேணும்னாலும் சமைக்கத் தெரியும். ஒரு ஆள் கூட வந்தாலும் பாத்துக்குவேன், பத்து ஆள் கூட வந்தாலும் பாத்துக்குவேன்" என்றார். "இருக்கற நாலுல ஒரு ஆள் குறைஞ்சா எப்படிடா சமைக்கறது? அது எனக்குத் தெரியாது. இந்த வயசுல என்னை அதைக் கத்துக்க வச்சுடாத."

என் வீட்டுக்காரர் அப்பாவை நிமிர்ந்து பார்க்கவில்லை. பழுப்புத் தாளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் போனை எடுத்துக்கொண்டு எழுந்து மாடிப்படிக்குப் போனார். நாங்கள் மூன்று பேரும் கொஞ்சமும் வெட்கப்படாமல் கதவோரம் போய் நின்று ஒட்டுக்கேட்டோம்.

"சார், நான் பகலுக்கு வந்துடறேன் சார்... ஆமா சார், முடிவு பண்ணிட்டேன்... இல்ல சார், நாளைக்குச் சொல்லலாம்தான். நாளைக்குள்ள எனக்கு மனசு மாறிடும், அதான் சார்... சாப்பிடற நேரத்துல தொந்தரவு பண்ணிட்டேன், மன்னிச்சுக்குங்க சார்."

உள்ளே வந்தபோது கண் சிவந்திருந்தது. மாமா தட்டு எடுத்து வைத்தார். அன்று நாங்கள் நாலு பேரும் அந்தப் பானைச் சோற்றில் பாதியைக்கூடத் தாண்டவில்லை. மீதியில் ஒரு பாத்திரம் கீழ்வீட்டு அக்காவுக்குப் போனது. தையல் மெஷின் தூக்கிய பையன் இரண்டு தடவை போட்டுக்கொண்டானாம்.

சாப்பிட்டு முடித்ததும் தாளில் கடைசி வரியை எழுதினேன். கையில் நின்ற அந்த மிச்சத்தை எல்லாருக்கும் பொதுவாக ஒரே இடத்தில் போட்டேன். இனிமேல் யாரும் அவரவர் இலாகாவுக்குள் தனியாகக் கூட்டி ஒளித்து வைக்கக் கூடாது, பயம் வந்தால் வாயைத் திறந்து சொல்ல வேண்டும் என்று சட்டம் போட்டேன். மாமா தலையாட்டினார். தலையாட்டிய விதத்திலிருந்தே நாளைக்கும் கூட ரெண்டு ஆளுக்கு உலை வைப்பார் என்று தெரிந்தது. போகட்டும், அரிசி ஒன்றுக்கு மட்டும் விதிவிலக்கு.

அடுத்த வாரம் அவர் பகல் வேலைக்குப் போன முதல் நாள். சாயங்காலம் நான் ஜன்னலோரம் மெஷினில் உட்கார்ந்து பழைய வீட்டுத் திரையை இந்த வீட்டு ஜன்னலுக்கு வெட்டித் தைத்துக்கொண்டிருந்தேன். வெளியே இன்னும் வெளிச்சம் போகவில்லை. மாமா குளித்துக்கொண்டிருந்தார். கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. வாலு ஓடிப்போய்க் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றாள். யார் என்று கேட்காமல் திறக்கக் கூடாது என்பது அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்த பாடம்.

"யாரு?"

"அப்பா."

வாலு தாழ்ப்பாளில் கையை வைத்துக்கொண்டு யோசித்தாள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது உள் அறையில் போர்த்திக்கொண்டு படுத்திருப்பவர்தான் அவளுக்கு அப்பா. இருட்டும்போது பையை மாட்டிக்கொண்டு வெளியே போகிறவர். இந்த நேரத்துக்கு வெளியிலிருந்து உள்ளே வருகிற அப்பாவை அவள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.

"எந்த அப்பா?" என்று கேட்டாள்.

நான் மெஷினை நிறுத்தினேன். கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர் குரல் வந்தது.

"முழிச்சிருக்கற அப்பாடி. கதவத் திற."